காலந்தப்பிய உதிரம்

கல்முனைப் பக்கத்திலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய மடல் இக்கிழமை எமது மேசைமீது இருக்கின்றது. பெயரும் தெருவும் குறியாது, இப்பக்கத்தைத் தவறாது வாசிக்கும் ஒருத்தி என்று மாத்திரம் ஒப்பமிட்டிருக்கின்றார். மடலின் சாரம் பின்வருமாறு:

அவருடைய ராத்தாவுக்கு வயது 46. சென்ற ஆண்டு, 45 வயது நிறைந்த காலத்தில், மருத்துவமாது வீடு தேடி வந்து அழைத்ததன்பேரில் கிளினிக்குக்குச் சென்று பப் பரிசோதனை செய்துகொண்டார். மாற்றம் எதுவும் இல்லையென அறிக்கை வந்தது. வீட்டார் இறைவனுக்கு நன்றி கூறி அதனை மறந்துவிட்டனர். சில மாதங்கள் சென்றபின், மாதவிலக்கு நாட்களுக்குப் புறம்பாகவும் உதிரம் காணத் தொடங்கிற்று. அறிக்கைதான் நன்றாக வந்திருக்கின்றதே என்ற துணிவினால் ராத்தா எவரிடமும் வாய் திறக்கவில்லை. நான்கு மாதம் இவ்வாறு கழிந்தது. அதே வளவில் அடுத்த வீட்டில் வாழும் தங்கை, கிணற்றடியில் ராத்தா நாள்தோறும் துணி துவைப்பதைக் கண்டு ஐயுற்று, வற்புறுத்தி வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கருப்பைக் கழுத்திலிருந்து சிறு துண்டொன்றை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினர். வந்த அறிக்கையில், கருப்பைக் கழுத்தின் நரம்பு அகஞ்சுரப்புப் புற்றுநோய், சிறுகல வகை என்று எழுதப்பட்டிருந்தது.

தங்கையின் வினாக்கள் மூன்று. இது நரம்பு நோயா, சுரப்பி நோயா, புற்றுநோயா? சென்ற ஆண்டுப் பரிசோதனை பிழைத்தது எவ்வாறு? இனிச் செய்யவேண்டியது யாது?

மடலை வாசித்தபோது எமது நெஞ்சம் கனத்தது. நேரிற் காணாத ஒருவருக்குச் சிகிச்சை கூறுதல் முறையன்று. அஃது அவரைக் கவனிக்கும் வைத்தியருக்கே உரியது. ஆயினும் அறிக்கையிலுள்ள சொற்களின் பொருளை விளக்குதலும், வைத்தியரிடம் என்ன கேட்கவேண்டும் என்பதைச் சொல்லுதலும் எம்மால் இயலும். இவ்வினாக்கள் அச்சகோதரி ஒருவருக்கு மட்டும் உரியனவல்ல என்பதனால், இவ்வாரப் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகின்றோம்.

பெயரின் பொருள்

கருப்பை தலைகீழாகத் தொங்கும் ஒரு கொய்யாக்கனியின் வடிவினது என்று கொள்க. அதன் கீழே ஒடுங்கி யோனியினுள் இறங்கும் பகுதியே கருப்பைக் கழுத்து. இக்கழுத்தின் வெளிப்புறத்தைச் செதில் போன்ற தட்டையான கலங்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கின்றன. உட்புறத்தை நீர்மம் சுரக்கும் கலங்கள் மூடியிருக்கின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களிற் பெரும்பாலானவை இவ்விருவகைக் கலங்களிலிருந்தே தோன்றுகின்றன.

இவையன்றி, நமது உடலில் நரம்பின் இயல்பு பாதியும் சுரப்பியின் இயல்பு பாதியும் கொண்ட வேறொரு வகைக் கலங்களும் சிதறிக் கிடக்கின்றன. நரம்பைப்போலச் செய்தி பெற்று, சுரப்பியைப்போல ஓமோனைச் சுரந்து இரத்தத்திற் கலக்கவிடுவது அவற்றின் தொழில். குடலிலும் நுரையீரலிலும் சதையியிலும் அவை மிகுதி. கருப்பைக் கழுத்தில் மிகச் சில. இத்தன்மையுடைய கலங்கள் கட்டுமீறிப் பெருகுவதையே நரம்பு அகஞ்சுரப்புக் கட்டி என்கின்றனர். ஆகவே சகோதரியின் முதல் வினாவுக்கு விடை இது: இந்நோய் நரம்புத் தளர்ச்சியன்று, கழுத்தில் வீங்கும் சுரப்பி நோயுமன்று. இது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயே. ஆயின் அதன் வகை வேறு.

1907ஆம் ஆண்டில் ஜேர்மனிய நோயியல் அறிஞர் சீக்பிரீட் ஒபெர்ண்டோர்பர், சிறுகுடலில் மெல்ல வளரும் ஒருவகைக் கட்டிகளைக் கண்டு, அவை புற்றுநோயை ஒத்தனவே அன்றிப் புற்றுநோயல்ல என்று கருதி, அப்பொருள் தரும் ‘கார்சினொயிட்’ என்ற பெயரைச் சூட்டினார். அக்கட்டிகளும் பரவ வல்லன என்பதை அவரே பின்னர் உணர்ந்தார். கருப்பைக் கழுத்தில் இத்தகைய கட்டி உண்டு என்பதை மெக்சிக்கோ நாட்டு நோயியல் நிபுணர் ஜோர்ஜ் அல்போரெஸ்-சாவேத்ரா 1972இல் எடுத்துக்காட்டினார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரால் இதனை அழைத்துவந்தமையாற் குழப்பம் மிகுந்தது. 1997இல் அமெரிக்க நோயியலறிஞர் கூடி, மெல்ல வளர்வன இரண்டு, விரைந்து வளர்வன இரண்டு என நால்வகையாகப் பிரித்தனர். குடலிற் காணப்படுவதற்கு மாறாக, கருப்பைக் கழுத்தில் மெல்ல வளரும் வகைகள் மிக அரியன. சிறுகல வகை, பெருங்கல வகை எனப்படும் விரைந்து வளரும் இரண்டுமே பெரும்பாலும் காணப்படுவன. அவற்றுள்ளும் சிறுகல வகையே மிகுதி.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் கண்ட நூறு பெண்களை எடுத்துக்கொண்டால், இவ்வகை நோயுடையோர் ஒருவர் அல்லது இருவரே இருப்பர். இந்த அருமையே ஓர் இடரும் ஆகின்றது. நுணுக்குக்காட்டியின் கீழ் இக்கலங்கள் சிறியனவாய், கரு கறுத்து, ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும். பார்த்த மாத்திரத்தில் நிணநீர்க் கலங்களின் புற்றுநோயோ என்று மயங்கவும் இடமுண்டு. ஆகவே நோயியல் வைத்திய நிபுணர், சினப்ரோபைசின், குரோமோகிரானின், சீ.டீ. 56 முதலிய புரதங்களைத் தேடிச் சிறப்புச் சாயமூட்டிப் பார்க்கின்றார். நரம்பு அகஞ்சுரப்பு இயல்பு இருப்பின் அச்சாயம் பற்றிக்கொள்ளும். நுரையீரலில் தோன்றிய சிறுகலப் புற்றுநோய் இங்கு வந்து படியவில்லை என்பதையும் உறுதி செய்தல் வேண்டும். அறிக்கை வரச் சில நாட்கள் தாமதமாயின் இதன் பொருட்டே என்று உணர்ந்து பொறுத்தல் நன்று. இன்னொரு நிபுணரும் அதே துண்டைப் பார்க்கட்டும் என்று கேட்பதும் குற்றமன்று. அரிய நோயில் அது வழக்கமேயாகும்.

பரிசோதனை பிழைத்ததா?

இரண்டாம் வினாவே பலர் உள்ளத்தைத் தைப்பது. சென்ற ஆண்டு நன்று என்றவர்கள் இவ்வாண்டு நோய் என்கின்றனரே, யாரோ கவனக்குறைவாக இருந்துவிட்டனரோ என்று ஐயுறுவது இயல்பு. அதற்கு விடை காண, அப்பரிசோதனை எதனைப் பார்க்கின்றது என்று அறிதல் வேண்டும்.

கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஜோர்ஜ் பப்பனிக்கொலோ என்ற அறிஞர், கருப்பைக் கழுத்திலிருந்து உதிரும் கலங்களைக் கண்ணாடித் தட்டில் தடவிப் பார்த்தாலே புற்றுநோயைக் கண்டுகொள்ளலாம் என்று 1928இல் அறிவித்தார். எவரும் பொருட்படுத்தவில்லை. மகப்பேற்று நிபுணர் ஹேர்பேட் ட்ரவுற்றுடன் சேர்ந்து 1941இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே உலகின் கண்ணைத் திறந்தது. அவர் பெயரின் முதலெழுத்துக்களே பப் என்று நம் நாவில் வழங்குகின்றன.

அப்பரிசோதனையில் கருப்பைக் கழுத்தின் மேற்பரப்பை மெல்ல வருடிக் கலங்களை எடுக்கின்றனர். வழமையான புற்றுநோய் மேற்பரப்பிலே தொடங்குகின்றது. வைரசு தொற்றிய கலங்கள் முதலிற் சிறிது மாறி, பின்னர் மேலும் மாறி, புற்றுநோயாக முதிர்வதற்குப் பெரும்பாலும் பத்தாண்டும் அதற்கு மேலும் செல்லும். அந்நீண்ட இடைவெளியில் ஒருமுறையேனும் வருடிப் பார்த்தால் மாற்றம் அகப்பட்டுவிடும். புற்றுநோய் ஆகுமுன்னரே அதனை நீக்கிவிடலாம்.

நரம்பு அகஞ்சுரப்பு வகையோ இவ்வழியிற் செல்வதில்லை. நம் சம்மாந்துறை, நிந்தவூர் வயற்காரர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். வரம்பில் நின்று நோக்கினால் பயிர் பச்சைப்பசேலென்று இருக்கும். ஆனால் அறக்கொட்டியான் இருப்பது இலை நுனியிலன்று. நீர்மட்டத்தை ஒட்டித் தூரடியில். பயிரை விலக்கிக் குனிந்து பார்த்தவனுக்கே அது தெரியும். அதுபோலவே இக்கட்டியும் பல வேளைகளில் மேலணி மூடியிருக்க அதன் கீழே வளர்கின்றது. நீண்டகால முன்னோடி மாற்றங்களும் இதற்குப் பெரும்பாலும் இல்லை. விரைந்து வளர்வதால், இரண்டு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்திலேயே தோன்றிப் பெருகிவிடவும் கூடும். ஆகவே சென்ற ஆண்டு அறிக்கை எழுதியவர் மேற்பரப்பிற் கண்டதை உண்மையாகவே எழுதியிருக்கலாம். பரிசோதனையின் எல்லையைப் பரிசோதித்தவரின் குற்றமாகக் கொள்ளுதல் நேர்மையாகாது.

இவ்விடத்தில் வாசகர்கள் மற்றொரு பிழையான முடிவுக்கு வந்துவிடலாகாது. அப்படியாயின் பப் பரிசோதனை வீண்தானே என்று எண்ணுதல் பெருந்தவறு. நூற்றில் ஒருவர் இருவருக்கு வரும் நோயை அது தவறவிடலாம். ஏனைய பெரும்பாலோருக்கு அதுவே காவல். பப் பரிசோதனையினும் எளிய ஒரு சோதனைகூட எத்துணைப் பயன் தரும் என்பதற்குக் கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டமே சான்று. அங்கே 2000ஆம் ஆண்டுக்கும் 2003ஆம் ஆண்டுக்கும் இடையில், 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்களைப் பயிற்சி பெற்ற தாதியர் சோதித்தனர். நீர்த்த அசற்றிக்கமிலத்தைக் கருப்பைக் கழுத்தில் தடவி, வெளுத்துத் தோன்றும் இடத்தைக் கண்ணாற் காண்பதே அவர்கள் கையாண்ட முறை. வைத்தியர் சங்கரநாராயணனும் உடனாய்வாளரும் 2007இல் வெளியிட்ட முடிவின்படி, சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது. ஒரேயொரு முறை செய்த சோதனையின் பயன் இது.

இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெற்று வருகின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை தோறும் இவை உண்டு. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைத்துக் கட்டணமின்றிப் பப் பரிசோதனை செய்கின்றனர். அழைப்பு வந்தால் செல்வதே அறிவுடைமை.

எனினும் ஒன்றை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். இக்கட்டுரை முழுவதிலும் நாம் கூற விழைவது இவ்வொன்றே. அறிக்கை சொல்வது, அன்றைய நாளில் மேற்பரப்பில் இருந்த நிலை. காலந்தப்பிக் காணும் உதிரம் சொல்வது, இன்றைய நிலை. இரண்டும் முரண்படுமிடத்து உதிரத்தையே நம்புதல் வேண்டும். அறிக்கையைப் பெட்டியில் வைத்துவிட்டு வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

மாதவிலக்கு நாட்களுக்கு இடையில் உதிரம், தாம்பத்திய உறவின்பின் உதிரம், மாதவிலக்கு முற்றாக நின்றபின் மீண்டும் உதிரம், துர்நாற்றமுள்ள நீர்க்கசிவு, அடிவயிற்றிலோ இடுப்பிலோ தீராத வலி — இவற்றுள் எது காணினும் அடுத்த பரிசோதனை வயது வரட்டும் என்று காத்திருக்கலாகாது. இவை தோன்றிய அனைவருக்கும் புற்றுநோய் என்பதன்று. பெரும்பாலோருக்கு வேறு எளிய காரணமே இருக்கும். ஆனால் அதனை முடிவு செய்ய வேண்டியவர், கருவி வைத்து நேரே நோக்கி, வேண்டின் துண்டெடுத்துச் சோதிக்கும் வைத்தியர்.

நம் கரையோர முஸ்லிம் ஊர்களின் பெண்களுக்கு இவ்விடயத்தில் ஒரு தனிச் சிறப்புண்டு. ஹைளு எது, நிபாஸ் எது, இஸ்திஹாளா எது என்று இளவயதிலேயே ஓதிக்கொடுக்கப்பட்டவர்கள் அவர்கள். தொழுகையின் பொருட்டு நாட்களை எண்ணிக் கணக்கு வைப்பவர்கள். உதிரம் காலந்தப்பியது என்பதை வைத்தியருக்கு முன்னரே அறிந்துகொள்பவர்கள். மடலிற் கண்ட ராத்தாவும் அதனை இஸ்திஹாளா என்று தெளிந்து, தொழுகையை விடாது நிறைவேற்றியிருக்கின்றார். வணக்கத்தைப் பற்றிய கேள்விக்கு அங்கே விடை கிடைத்துவிட்டது. அந்த உதிரம் எங்கிருந்து, ஏன் வருகின்றது என்ற கேள்வி மட்டும் விடையின்றி நின்றது. ஆகவே எண்ணத் தெரிந்த சகோதரிகளுக்கு எமது வேண்டுகோள்: கணக்குப் பிசகிய அன்றே, தொழுகையின் சட்டத்தை நினைப்பதோடு வைத்தியரையும் நினையுங்கள். நோயின் நிமித்தம் வைத்தியரிடம் காட்டுவதை மார்க்கம் தடுப்பதில்லை. பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்பதிலும் குறையில்லை. ஆயினும் அவருக்காக மாதக்கணக்கிற் காத்திருப்பது தகாது.

சிகிச்சையின் வழி

இனி மூன்றாம் வினா. முதலில் நோய் எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்று அளத்தல் வேண்டும். கட்டியின் அளவைக் காண எம்.ஆர்.ஐ. படமும், நெஞ்சையும் வயிற்றையும் காணச் சீ.ரீ. ஸ்கானும், கிடைக்குமிடத்துப் பெற் ஸ்கானும் எடுப்பர். தலைவலி, மயக்கம் போன்ற குறியிருப்பின், அல்லது நுரையீரலிற் பரவியிருப்பின், மூளையையும் பார்ப்பர். இவ்வகை நோய் நிணநீர்க் கணுக்களுக்கும், இரத்த வழியே நுரையீரல், ஈரல், எலும்பு, மூளை ஆகியவற்றுக்கும் விரைவில் செல்லும் இயல்பினது என்பதே இதன் காரணம்.

இங்கேதான் அறிக்கையிலுள்ள பெயரின் பெருமை விளங்கும். வழமையான கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் சிறிதாக இருக்குமிடத்துச் சத்திரசிகிச்சை மட்டுமே போதுமானதாகலாம். நரம்பு அகஞ்சுரப்புப் புற்றுநோயில் அவ்வாறன்று. கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுவதையும் அகற்றியபின்னரும், கண்ணுக்குத் தெரியாத கலங்கள் இரத்தத்தில் ஏற்கெனவே புறப்பட்டிருக்கலாம் என்று கொண்டு, உடல் முழுவதும் செல்லும் மருந்தையும் கொடுக்கின்றனர். கட்டி நான்கு சென்ரிமீற்றருக்கு உட்பட்டு, பரவாதிருப்பின், கருப்பையையும் சூழ்ந்த இழையங்களையும் நிணநீர்க் கணுக்களையும் அகற்றி, பின்னர் மருந்தும் தேவைக்கேற்பக் கதிர்ச் சிகிச்சையும் அளிப்பர். கட்டி பெரிதாயின் மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் சேர்ந்து நடைபெறும். சிலருக்கு மருந்து முதலிலும் சத்திரசிகிச்சை பின்னரும் அமையும். தூர உறுப்புக்களிற் பரவியிருப்பின் மருந்தே முதன்மை. நோய் அரியதாகையால் கருப்பைக் கழுத்துக்கென்றே செய்த பெரிய ஆய்வுகள் குறைவு. நுரையீரலின் சிறுகலப் புற்றுநோயிற் கற்ற பாடத்தையே வைத்தியர் பெரிதும் பின்பற்றுகின்றனர்.

அம்மருந்துகள் இரண்டு. ஒன்று சிஸ்பிளற்றின், மற்றொன்று எற்றோபொசைட். மாணவ வாசகர்கள் இவற்றின் பிறப்பை அறிதல் நன்று. அமெரிக்காவில் பார்னெற் ரோசன்பேர்க் என்ற அறிஞர், மின்புலம் பற்றீரியாவை எவ்வாறு பாதிக்கும் என்று ஆராய்ந்தபோது, பற்றீரியாக்கள் பிரிந்து பெருகாது நூல்போல் நீண்டுகொண்டே போவதைக் கண்டார். தடுத்தது மின்சாரமன்று, மின்வாயிலிருந்து கரைந்த பிளாற்றினம் என்பதை அவர் 1965இல் வெளியிட்டார். பற்றீரியாவின் பிரிவைத் தடுப்பது புற்றுநோய்க் கலத்தின் பிரிவையும் தடுக்காதோ என்ற எண்ணத்தின் விளைவே சிஸ்பிளற்றின்; 1978இல் அமெரிக்காவில் அது மருந்தாக ஒப்புக்கொள்ளப்பட்டது. எற்றோபொசைட் என்பது வட அமெரிக்கக் காடுகளிலும், அதன் இனத்தது இமயமலைச் சாரலிலும் வளரும் ஒரு செடியின் நச்சுப் பொருளிலிருந்து வகுக்கப்பட்டது.

இவற்றைப் பொதுவாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு முதல் ஆறு சுற்றுவரை நாளத்தின் வழியே ஏற்றுவர். முடி உதிரும், சிகிச்சை முடிந்தபின் மீண்டும் வளரும். குமட்டலுக்கு நல்ல மருந்துகள் உண்டு. சிஸ்பிளற்றின் சிறுநீரகத்தைத் தாக்கவல்லது. ஆகையால் நிறையச் சேலைன் ஏற்றுவர், வீட்டிலும் வைத்தியர் கூறிய அளவு நீர் அருந்துதல் வேண்டும். சிகிச்சை நடைபெறும் மாதம் நோன்பு மாதமாக அமையின், நோயாளிக்கு மார்க்கம் அளித்த சலுகையை ஏற்றுக்கொள்ளுதலே முறை. தாகத்தோடிருந்து சிறுநீரகத்தை இழத்தல் வேண்டா. மருந்தினால் வெண்குருதிக் கலங்கள் குறையுங் காலத்தில் காய்ச்சல் 100.4 பாகை பரனைற்றைத் தொட்டால், இரவாயினும் பகலாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். காலையிற் பார்ப்போம் என்பது கூடாது. அரிதாக, இக்கட்டியே ஓமோனைச் சுரந்து இரத்தத்தின் உப்பைக் குறைப்பதுண்டு. நோயாளி காரணமின்றித் தடுமாறிப் பேசினால் அதனையும் வைத்தியருக்கு அறிவியுங்கள்.

சிகிச்சைக்கு மகரகமையிலுள்ள அபேக்சா வைத்தியசாலை நாட்டின் தலைமை இடம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. இரண்டும் அரசினர் வைத்தியசாலைகள், கட்டணமில்லை. எந்தப் பகுதியை எங்கு செய்வது என்று வைத்தியரிடமே கேளுங்கள். கேட்கவேண்டிய வேறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள்: நோய் எந்நிலையில் உள்ளது? சத்திரசிகிச்சை முதலா, மருந்து முதலா? சாயமூட்டிய சோதனையின் முழு அறிக்கையைப் பெறலாமா? சிகிச்சை முடிந்தபின் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும்?

உண்மையை மறைப்பது எமது வழக்கமன்று. இது கடுமையான நோய். எல்லா நிலைகளையும் ஒருங்கே நோக்கினால், ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்வோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. தொடக்க நிலையிற் கண்டோருக்கு நம்பிக்கை அதனினும் மிகுதி. பரவிய நிலையிற் கண்டோருக்கு மிகக் குறைவு. ராத்தா எந்நிலையில் இருக்கின்றார் என்பது மடலில் இல்லை. ஆகவே அச்சகோதரி இவ்வெண்ணைக் கண்டு மனமுடைய வேண்டா. எண் கூட்டத்தைப் பற்றியது. உங்கள் ராத்தாவின் நிலையை அவரைக் கவனிக்கும் வைத்தியரே கூறவல்லார்.

வளவிலுள்ள ஏனையோர்

மடலின் அடியில், சிறிய எழுத்தில், கோடிட்டு மறைத்தும் மறையாதிருந்த ஒரு வரி உண்டு. ராத்தாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கின்றார்களாம். இது வெளியில் தெரிந்தால் என்னாகும் என்ற அச்சம். கேட்காமல் விட்ட இவ்வினாவுக்கும் விடை கூறுவது எமது கடன்.

இந்நோய் தாயிடமிருந்து மகளுக்கு வழிவழி வருவதாகக் கருதப்படுவதன்று. தொட்டாலும், ஒரே பாத்திரத்தில் உண்டாலும் தொற்றாது. இவ்வகையிலும் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மனிதப் பப்பிலோமா வைரசு என்பதே. அதிலும் 18ஆம் இலக்க வைரசு முதன்மையானது. அது தாம்பத்திய உறவின் வழியே தொற்றுவது. இதனைக் கேட்டு ஒருவர் ஒழுக்கத்தின்மீது மற்றொருவர் ஐயங்கொள்ளுதல் அறியாமை. இவ்வைரசுகள் மிகப் பொதுவானவை. மணவாழ்வு வாழ்வோரிற் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றி, அறியாமலே நீங்கிவிடுவன. சிலரிடத்து மட்டும் பல்லாண்டு தங்கியிருந்து தீங்கு செய்கின்றன. யாரிடமிருந்து, எப்பொழுது என்று கணக்கெடுப்பது இயலாத காரியம், வேண்டாத காரியமுமாகும்.

இவ்வைரசின் 16ஆம், 18ஆம் வகைகளைப் புற்றுநோயிற் கண்டவர் ஜேர்மனிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன். 1983, 1984ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அக்கண்டுபிடிப்புக்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பயனாக எழுந்த தடுப்பூசியை இலங்கை அரசு 2017 முதல் பாடசாலைகளில் தரம் 6 மாணவியருக்கு இலவசமாக அளித்துவருகின்றது. பப் பரிசோதனைக்கு மறைந்து வளரும் இந்நோயைத் தோன்றாமலே தடுப்பதற்கு நம்மிடமுள்ள சிறந்த வழி இதுவே. பாடசாலையிலிருந்து சம்மதக் கடிதம் வரும்போது, ஊரிற் பரவும் வீண் பேச்சுக்குச் செவிகொடாது ஒப்பமிட்டுக் கொடுங்கள். அச்சகோதரிக்குத் தரம் 6இற் பயிலும் மகள் இருப்பின், ராத்தாவின் துயரத்திலிருந்து அக்குழந்தைக்குக் கிடைக்கும் நன்மை அதுவாக இருக்கட்டும். சகோதரியும் தமக்குரிய வயதிற் கிளினிக்குக்குச் செல்வாராக.

முடிவாக ஒன்று. நம் கிழக்குக் கரையில் தாய்வழியாகக் குடி எண்ணும் வழக்கம் உண்டு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அழைத்துக்கொள்வதால், தாயும் மகள்மாரும் அடுத்தடுத்த வீடுகளில், பல வேளைகளில் ஒரே வளவுக்குள்ளே வாழ்கின்றனர். அக்கரைப்பற்றிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் இதனைக் காணலாம். எந்த வைத்தியசாலையும் அமைத்துத் தர இயலாத காவல் இது. உம்மாவின் முகவாட்டமும் ராத்தாவின் இளைப்பும் அடுத்த வீட்டுக் கண்ணுக்குத் தப்புவதில்லை. கண்ணுக்குத் தப்பாதது வாய்க்கு வருவதற்கு மட்டும் வெட்கம் தடையாக நிற்கின்றது. மடல் எழுதிய சகோதரி அவ்வெட்கத்தை விலக்கி ஒருநாள் கிணற்றடியிற் கேட்டார். அவர் கேளாதிருந்தால் நான்கு மாதம் எட்டு மாதமாகியிருக்கும்.

இப்பக்கத்தை வாசித்து முடித்தபின், நீங்களும் அடுத்த வீட்டுக்குச் சென்று அவ்வாறே கேட்பீர்களாக. ராத்தாவின் சிகிச்சை தொடங்கியதும் எமக்கு எழுதுமாறு அச்சகோதரியை வேண்டுகின்றோம். அவர் நலம் பெற இறைவனை இறைஞ்சுகின்றோம்.